ஒற்றை வயர்

கரும்பலகையில் ஒரு மின்கலம் இருந்தது:
நெடுங்கோடு ஒன்று, பக்கத்தில் குறுங்கோடு ஒன்று.
மல்லாவியில் வேறெங்கும் இருக்கவில்லை.
பற்றரி தடைப்பட்டியலில்.

சோக்கால் ஆளியை மூடினோம்.
இரண்டு வோல்ற்றை நாலு ஓமால் பிரித்தோம்.
கொப்பியில் அரை அம்பியர் ஓடியது.
கொட்டிலுக்குள் மழை இருட்டு
இருந்தபடியே இருந்தது.

"தடையின் அலகு?" என்றார் சேர்.
"ஓம்" என்றோம் நாற்பத்தொரு பேர்.
பின்வாங்கிலிருந்து ரெஜினோல்ட்:
"தடைக்கு நாங்கள் எப்ப சேர்
ஓம் சொன்னனாங்கள்?"
சிரிப்பு அடங்க முன்னம்
சேர் நிவாரண வரிசைக்குப் போய்விட்டார்.

அவர் விட்டுப்போன உதாரணம்
பலகையில் கிடந்தது:
குளத்து மட்டம் அழுத்தம்.
வாய்க்கால் கம்பி.
துருசு ஆளி.
வவுனிக்குளத்துத் தண்ணியில் விளைந்ததைத் தின்னும் எங்களுக்கு
நன்றாகத்தான் விளங்கியது.
பத்மலோஜினிக்கு மட்டும் சரிவரவில்லை.

"வயலுக்குப் போன தண்ணி
குளத்துக்குத் திரும்புதோடி?
இது திரும்ப வேணுமாம்.
திரும்ப வழியில்லையெண்டால்
புறப்படவே மாட்டுதாம்."

எனக்குக் கோபம்.
வெளியே போய் என் சைக்கிளைக் காட்டினேன்.
பின்சில்லோடு ஒட்டி டைனமோ,
முன்னால் லைற்,
இடையில் ஒரே ஒரு வயர்.
"போகத்தான் வழி இருக்கு.
உன்ர திரும்புற பாதை எங்க?"

"எரியுதோ?" என்றாள்.

எரிவதில்லை என்று
அப்போதுதான் சொல்லவேண்டி வந்தது.
போன கிழமை எல்லாவற்றையும் கழற்றி
பச்சைப் பெயின்ற் அடித்துப் பூட்டினேன்.
அன்றிலிருந்து இல்லை.
குமிழ் போய்விட்டதென்று நினைத்திருந்தேன்.

குமிழைக் கழற்றி
வானத்துக்கு நேரே பிடித்தாள்.
மயிரிழை அறாமல் இருந்தது.
பிறகு அவளுடைய விரல் நடந்தது:
டைனமோ, வயர், குமிழ்,
குமிழைத் தாங்கும் தகடு.
தகட்டில் நின்றது.
யோசித்தது.
ஹாண்டில் கழுத்து, நடுப்பார்,
பின்சில்லைப் பிடிக்கும் தண்டு,
டைனமோவின் முதுகு.

"இரும்புதானே" என்றாள்.
எனக்கல்ல, சைக்கிளுக்கு.

கிளாலியில் வள்ளத்துக்குள் படுத்துக் கிடந்த பார்.
அரிசி, தறப்பாள், தையல் மெசின்,
காய்ச்சலோடு தம்பி,
எல்லாம் ஏறியிருந்த பார்.
அது ஒரு வயராகவும் இருந்திருக்கிறது.
நான் அதற்கு வடிவாகப் பெயின்ற் அடித்து
வாயைக் கட்டியிருக்கிறேன்.

பென்சில் சீவும் பாதி பிளேட்டால்
தகடு தொடும் இடத்தைச் சுரண்டினாள்.
டைனமோ தண்டைத் தொடும் இடத்தையும்.
சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி
மிதியைக் கையால் சுற்றினேன்.

முதலில் ஒரு துடிப்பு.
பிறகு செம்மஞ்சள்.
இன்னும் சுற்ற, மஞ்சள்.

அம்பியர்மானி இல்லை எங்களிடம்.
என் கைதான்.
வயரை அவள் விலக்கினால் மிதி லேசு,
தொட்டால் கொஞ்சம் கனம்.
வெளிச்சத்துக்கு நிறை இருப்பதை
அப்படித்தான் அறிந்தேன்.
வயரின் ஒரு நார் பிரிந்து இரும்பில் பட
லைற் செத்தது.
குறுக்குவழி கிடைத்த ஓட்டம்
குமிழைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

ரெஜினோல்ட் கேட்டான்,
"குமிழ் திண்டது போக
மிச்சம்தானே திரும்பும்?"

"இல்லை. குமிழ் எடுக்கிறது வேற.
போனது அவ்வளவும் வருமாம்,
ஒண்டும் குறையாமல்."

ஒருவரும் சிரிக்கவில்லை.
மிதி என் கையில் தானாக மெதுவாகியது.
புறப்பட்டது அவ்வளவும்
எண்ணிக்கை குறையாமல் திரும்பும் என்பதை
அந்த வகுப்பில் யாரால்
உடனே நம்ப முடியும்?

சேர் சீனிப் பையோடு வந்தார்.
"ஆர் சைக்கிளைக் கவிழ்த்தது?" என்றார்.

சுரண்டிய இரண்டு இடத்திலும்
மாரியில் கறள் பிடித்தது.
அவ்வப்போது பிளேட் போட்டேன்.
பெயின்ற் அடிக்கவில்லை.